எச்சில் டாக்டர் தள்ளிப்போட்ட காய்ச்சல்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, இந்த இரங்கல் கூட்டத்துக்குச் சிரமம் பார்க்காமல் வந்திருக்கும் நோயாளர் சங்கத்து நண்பர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கும் டாக்டரின் அக்கா அவர்களே, அக்காவின் மகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் நம் நரம்பியல் பேராசிரியரை நோயை வென்ற மாவீரர் என்றார்கள். அவர் காதில் விழுந்திருந்தால் பேனாவைத் தூக்கி எறிந்திருப்பார். யார் வென்றது? எங்கே வென்றது? அவருடைய பரிசோதனைக் கூடத்தில் எதிர் மேஜையில் உட்கார்ந்து ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிய நான் சொல்கிறேன். அவர் தோற்றுப்போனார். பாராட்ட வேண்டுமானால் அந்தத் தோல்வியைப் பாராட்டுங்கள்!

அவர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குக் கால் மரத்துப்போனது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவற்படை, ஆள் தெரியாமல் நம் நரம்பின் மேலுறையையே அரித்துவிடுகிற நோய். ஏன் வந்தது? அக்காவுக்குப் பருவ வயதில் ஒரு காய்ச்சல் வந்திருந்தது. கழுத்தில் நெறி கட்டி, தொண்டை புண்ணாகி, மாதக்கணக்கில் படுத்திருந்தார். எச்சிலில் பரவும் ஒரு வைரஸ் அது. அதைத்தான் நம் டாக்டர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

பயந்துவிடாதீர்கள். அந்த வைரஸ் இந்த மண்டபத்தில் இருக்கும் பெரும்பாலோர் உடம்பில் இருக்கும். மிகச் சிலரைத்தான் இந்த நோயில் கொண்டுபோய் விடுகிறது. அதற்குப் பரம்பரையும், இன்னும் பிடிபடாத ஏதேதோவும் கூடச் சேர வேண்டும். "எல்லார் வீட்டுலயும் இருக்கிறவனை எப்படிம்மா குற்றவாளின்னு நிரூபிக்கிறது?" என்று என்னிடம் கேட்பார். ஒரே வழிதான் இருந்தது. வைரஸ் இன்னும் தொற்றாதவர்களைத் தேடிப் பிடித்து, வருடா வருடம் ரத்தம் எடுத்து, ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் காத்திருப்பது. அவர்களை நாங்கள் வெள்ளைத்தாள் என்போம். வெள்ளைத்தாள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எங்களுக்குக் கிடைத்த முதல் வெள்ளைத்தாள் யார்? பள்ளிக்கூடப் பையோடு வந்த அக்காவின் மகள்!

அன்றைக்குத்தான் பேராசிரியர் எச்சில் டாக்டர் ஆனார். அந்தப் பிள்ளையின் தம்ளரை யாரும் தொட முடியாது. பிறந்தநாளில் பிள்ளைகள் மெழுகுவத்தியை ஊதினால், ஊதின பக்கத்துக் கேக்கை வெட்டித் தூர எறிவார். அக்காவே ஒருநாள் கொதித்துப்போனார். "என் பிள்ளைக்கு நான் முத்தம் குடுக்க உன்கிட்ட அனுமதி வாங்கணுமாடா?" "வேணாம்க்கா. நெத்தியில மட்டும் குடு." பரிசோதனைக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவள் கல்லூரிக்குப் போனாள். ஒருநாள் கழுத்தில் நெறி கட்டி வந்து நின்றாள். ரத்தம் பார்த்தோம். வெள்ளைத்தாள் இல்லை. "யாருகிட்டடி வாங்கின?" என்று கத்தினார். "சந்தோஷமாத்தான் மாமா வாங்கினேன்" என்றாள். யார் சிரிக்காமல் இருக்க முடியும்? அவர் சிரிக்கவில்லை.

ஏன் தெரியுமா? குழந்தையாக இருக்கும்போது இந்த வைரஸ் வந்தால் பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். வளர்ந்தபின் வந்தால் காய்ச்சல் ஓங்கி அடிக்கும். பிற்காலத்தில் இந்த நோய் வரும் ஆபத்தும் கூடும். ஃப்ரீசர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நான் காப்பாத்தலம்மா. தள்ளிப்போட்டிருக்கேன்." அக்காவை முத்தமிட விட்டு, சின்ன வயதிலேயே தொற்றியிருந்தால் பிள்ளை தப்பித்திருக்குமா? அதுவும் யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் அவரைத் தின்றது.

பிறகு பல வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குப் போனாள். போன மாதம், இதயம் பழுதாகி அவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக் காட்டினாள். நானும் இருந்தேன். அவர் திடீரென்று, "இடது கண்ணை ஏன் மூடிக்கிற? திற. வலதை மூடிட்டுப் படி" என்றார். திறந்தாள். தலைப்பைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. மூளையை ஸ்கேன் எடுத்தோம். அம்மாவுக்கு இருக்கிற அதே வெள்ளைப் புள்ளிகள்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். படுத்தபடியே, "அவ ரத்தத்தை எடுத்து வைங்க" என்றார். தொற்றுவதற்கு முன் எடுத்த ரத்தம், தொற்றியபின் எடுத்தது, இப்போது நோய் வந்தபின் எடுப்பது: ஒரே ஆளிடம் இந்த மூன்றும் கிடைக்காதா என்றுதானே ஆயுள் முழுக்க ஏங்கினார்? கிடைத்துவிட்டது! யாரிடமிருந்து கிடைத்தது, பார்த்தீர்களா?

"ஒருத்தியை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு நீங்கதானே மாமா சொல்வீங்க?" என்று கேட்டாள். மறுவாரம் அவர் போய்விட்டார்.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் சபதம் செய்ய வேண்டும். அவர் கனவை நனவாக்குவோம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாளைக் காலையில் அவள் வருவாள். நான் ரத்தம் எடுப்பேன். ஃப்ரீசர் அணையாமல் பார்த்துக்கொள்வேன். என்னால் முடிந்த சபதம் அவ்வளவுதான். இனி வருடா வருடம் எடுப்போம். அது இந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது.

கூட்டம் தொடங்குமுன் அக்கா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு நானும் வரேன். ஊசி போடறப்ப அவ கையைப் பிடிச்சுக்கறேன்" என்றார். அவருடைய விரல்களில் உணர்ச்சி போய்ப் பல வருடமாகிறது. "பிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாதேக்கா?" என்றேன்.

"எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்ல" என்றார்.