என்ஜின் டிரைவர் காஸ்பர் அவர்களுக்கும் அவருடைய இடக்காலுக்கும்

செஞ்சி துரைராஜ் கடலை மில்லின் என்ஜின் அறையை இருபத்தேழு ஆண்டுகள் ஆண்ட எங்கள் அண்ணலே! எண்ணெய்க் கறை ஏறிய கரங்களால் எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பையும் எரியவைத்த ஏந்தலே! பிடிவாதத்தில் ராஜகிரி மலைக்கே மூத்தவராகிய காஸ்பர் அவர்களே! வணக்கம்.

ஓய்வு பெறும் நாளில் மாலை போட்ட மனிதரைக் குறை சொல்வது முறையல்ல என்று மேஸ்திரி தாண்டவராயன் தடுத்தார். ஆனால் தங்களோடு வேலை பார்த்த எங்களுக்குப் பாராட்ட மட்டும் பொறுமை மிச்சமில்லை. இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறோம். இந்த மடலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும்போது வேண்டாத வரிகளைத் தங்கள் துணைவியார் சவரியம்மாள் காகிதம் ஒட்டி மறைத்துக்கொள்ளலாம்.

வல்லத்து வண்டிகளும் சீயமங்கலத்து வண்டிகளும் வாசலில் வரிசைகட்டி நிற்கும் அறுவடைக் காலத்தில் என்ஜின் ஒருநாளும் நின்றதில்லை. இடக்காலின் முன்பக்கத்தை என்ஜின் மேடையில் சாய்த்துக் கண்ணை மூடி நிற்பீர்கள். எந்த போல்ட் தளர்ந்தது, எந்த பேரிங் தேய்ந்தது என்பதை அந்த நடுக்கத்திலேயே அறிந்து சொல்வீர்கள். அது பாராட்டு, முழு மனத்தோடு எழுதுகிறோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் பெல்ட் அறுந்து அதே காலின் சதையை எலும்புவரை வாரிக்கொண்டு போயிற்று. பட்டணத்து டாக்டர் அரங்கநாதன் தங்கள் வலது கெண்டைக்கால் சதையை ஒருபக்கம் ஒட்டியிருக்கும்படி உரித்து, இடக்காலின்மேல் போர்த்தித் தைத்தார். அது அங்கே உயிர்பிடிக்கும்வரை இரண்டு கால்களையும் சேர்த்து மூன்று வாரம் மாவுக்கட்டில் வைத்து, பிறகு வெட்டிப் பிரித்தார். சதை பிழைத்தது, உணர்ச்சி வரவில்லை. ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வரும், வராமலும் போகலாம், அதுவரை சூடான எதையும் அண்டாதீர்கள் என்றார் டாக்டர். வாரம் ஒருமுறை கண்ணைக் கட்டி, பஞ்சால் தொட்டு, உணர்ச்சி வந்த எல்லையை மையால் கோடிட்டுப் பார்க்கவும் சொன்னார்.

அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது. சனிக்கிழமைதோறும் தங்களைக் கடலை மூட்டைமேல் உட்காரவைத்துத் துண்டால் கண்ணைக் கட்டினோம். தொட்ட இடமெல்லாம் "தெரியுது" என்றீர்கள். ஆறே வாரத்தில் மைக்கோடு நடுவில் வந்து சேர்ந்துவிட்டது. நாங்களும் முட்டாள்தனமாக மகிழ்ந்து தங்களை மறுபடி என்ஜின் அறைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் கொதிக்கும் புகைக்குழாயின்மேல் காலைச் சாய்த்துக்கொண்டு தாண்டவராயனோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். கருகிய வாடை அவருக்குத்தான் முதலில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, எதையும் தொடாமலே, "இப்ப தெரியுதா?" என்று கேட்டோம். "தெரியுது, பஞ்சுதான?" என்றீர்கள். "இன்னா மனுசன்யா நீ!" என்று சவரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் தாங்கள் வாய் திறந்தீர்கள்: "கால் சொல்லலைன்னா அந்த ரூம்புல எனக்கு இன்னா வேலை? தெரியலைன்னு சொன்னா கேட்டுல உக்கார வெச்சிடுவீங்க."

உட்காரத்தான் வைத்தோம். மூன்றாண்டுகள் வாசலில் வண்டி எண்ணியபடி தாங்கள் எங்களை முறைத்த முறைப்பை நாங்கள் மறக்கவில்லை. சோதனையையும் விடவில்லை. கோடு அரைவிரல் அகலம், அதிலும் பாதி என்று நகர்ந்தது. நடுவில் உள்ளங்கையளவு மட்டும் மரத்தே கிடந்தது. அந்த இடத்தைத் தொட்டபோதெல்லாம் கடைசியில் "இல்ல" என்று சொல்லவும் பழகிக்கொண்டீர்கள். அந்தச் சொல்லைத் தங்கள் வாயிலிருந்து கேட்க எங்களுக்குப் பிடிக்கவே இல்லை.

சென்ற சனிக்கிழமை கடைசிச் சோதனை. நான்கு முறை தொட்டோம்; நான்கு முறையும் "இல்ல" என்றீர்கள். பஞ்சை எடுத்து வைத்துவிட்டோம். திடீரென்று, "நடுவுல ஏதோ நவுருது" என்றீர்கள். ஓய்வு பெறும் வாரத்திலுமா இந்தப் பொய் என்று எங்களுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தாண்டவராயன் திட்டிக்கொண்டே துண்டை அவிழ்த்தார். குனிந்து பார்த்தோம். மரத்த இடத்தின் நட்டநடுவே, கடலை மூட்டையிலிருந்து ஏறிய ஒரு சிற்றெறும்பு போய்க்கொண்டிருந்தது.

தாங்கள் அதைத் தட்டிவிடவில்லை; முழங்கால் வரை ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பொய் சொன்ன நாளெல்லாம் தங்களை நம்பினோம். உண்மையிலேயே தெரிந்த நாளில் திட்டினோம். அதற்கு இந்த மடலில் மன்னிப்புக் கேட்கிறோம். மூன்றாண்டுகள் காக்கவைத்துவிட்டு, வேலை முடியும் வாரத்தில் வந்து சேர்ந்த அந்த உணர்ச்சியை மட்டும் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

தாங்களும் சவரியம்மாளும் நோய்நொடி இன்றி நெடுங்காலம் வாழ வேண்டும். வெந்நீர் அண்டாவிலிருந்து அந்தக் கால் தள்ளியே இருக்க வேண்டும். நேற்று மாலை தாங்கள் யாரிடமும் சொல்லாமல் என்ஜின் அறைக்குள் போய் மேடையில் காலைச் சாய்த்து நின்றதைப் பார்த்தோம். தடுக்க வந்த நாங்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். தெரிகிறதா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை.

இப்படிக்கு,
எரிச்சலும் அன்பும் குறையாத
துரைராஜ் கடலை மில் தொழிலாளர்கள்
எழுதியவர்: குமாஸ்தா விநாயகம்
செஞ்சி, ஜூன் 1948