விளக்கு எரியாத பெட்டி

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எங்கள் அனல்மின் நிலைய ஷிப்ட் பஸ்ஸில் ஏறிய இளைஞர், மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, இன்னிக்கு பாப்பாவ வெச்சிருக்குற சூட்டுப் பெட்டியில விளக்கு எரியவே இல்லண்ணே!"

பக்கத்திலிருந்த பெரியவர் பதறிப்போனார். "ஐயையோ, குறைமாசப் புள்ளைக்குக் குளிராதா?"

"மொத நாளு நானும் அப்படித்தான் பயந்தேன். விளக்கு அணைஞ்சதும் கரண்டு போச்சுன்னு நெனச்சி, சைக்கிள மிதிச்சிகினு நம்ம பவர் ஹவுஸுக்கே போயி எல்லாரையும் திட்டிட்டேன்."

"அடப்பாவி! நம்ம கரண்டு மிஷின் ஓடிகினுதான இருந்துச்சி?"

"ஓடிகினுதான் இருந்துச்சி. அப்பறந்தான் நர்ஸம்மா சொன்னாங்க. பாப்பா வயித்துல சூடு பாக்குற ஒயரு ஒண்ணு ஒட்டியிருக்காங்களாம். உடம்பு சில்லுன்னு ஆனா விளக்கு தானா எரிஞ்சி சூடு குடுக்குமாம். சூடு போதும்னா தானா அணைஞ்சிடுமாம்."

"அப்ப இன்னிக்கு எரியவே இல்லன்னா?"

"சூட்ட அவளே பாத்துக்குறாண்ணே! நாளைக்கி வூட்டுக்குத் தூக்கிகினு போவலாம்னுட்டாங்க."

பெரியவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இன்னிக்கும் பவர் ஹவுஸுக்கு ஓடினியா?"

"இல்லண்ணே, மிட்டாய்க் கடைக்கு ஓடினேன்" என்று பொட்டலத்தைப் பிரித்தார்.