ஆளுக்கு ஒரு பகடை

அந்தப் பகடையை மேஜை ஓரத்தில் வைக்காதீர்கள், ஐயா. முனை தேய்ந்தது, லேசாகத் தட்டினாலே உருண்டு ஓடிவிடும். சின்ன வயதில் அதைக் கட்டிலுக்கடியில் தேடியே எங்கள் பாதி விடுமுறை போயிருக்கிறது.

அதற்கு ஒரு ஜோடி உண்டு. அது என் தம்பி மகளிடம் இருக்கிறது. இரண்டும் ஒரு கதைப் புத்தகத்தோடு சேர்ந்தவை. அந்த மாதிரிப் புத்தகம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அதில் கதாநாயகன் வேறு யாருமில்லை, படிக்கிற நீங்கள்தான். ஒரு பத்தி முடிந்ததும் கேட்கும்: இடப்பக்கம் போவதானால் 41-க்குப் போ, வலப்பக்கம் என்றால் 203-க்குப் போ. வழியில் பூதம் வந்தால் பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். பலம், திறமை, அதிர்ஷ்டம் மூன்றுக்கும் ஒரு தாளில் புள்ளி எழுதி, அடி வாங்க வாங்க அழித்து எழுத வேண்டும். எங்கள் தாள் அழித்து அழித்தே ஓட்டையாகிவிட்டது. அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்த்தால், ஜெயித்தாலும் ஒரு புள்ளி போய்விடும். எவ்வளவு நியாயமான விதி பாருங்கள்.

அம்மா இறந்த வருடம் அது எங்கள் கைக்கு வந்தது. அப்பா வேலைக்குப் போய்விடுவார். சமைப்பது, தம்பிக்குத் தலை வாரிவிடுவது எல்லாம் நான். வேலை முடிந்ததும் இருவரும் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வோம். நான் படிப்பேன், அவன் வழி சொல்வான். எனக்கு அதைவிட நல்ல காலம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நான் ஆடும் விதம் வேறு, அவன் ஆடும் விதம் வேறு. வழி பிரியும் இடத்தில் எல்லாம் நான் பழைய பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்துக்கொள்வேன். செத்தால் விரல் இருக்கும் இடத்துக்குத் திரும்பிவிடலாம். பகடையும் அப்படித்தான். சாதகமாக விழாவிட்டால், சரியாக உருளவில்லை என்று மறுபடி போடுவேன். தம்பி அந்த விஷயத்தில் அரிச்சந்திரன். "விழுந்தது விழுந்ததுதான்ணே" என்பான். செத்தால் புத்தகத்தை மூடிவிட்டு முதல் பத்தியிலிருந்து தொடங்குவான்.

அதில் ஓர் இடம் வரும். சுரங்கத்தில் ஒரு பூட்டிய கதவு, உள்ளே யாரோ தட்டும் சத்தம். திறப்பதானால் 112, கண்டுகொள்ளாமல் போவதானால் 67. திறந்தால் சாவு நிச்சயம், உள்ளே இருப்பது மனிதன் இல்லை. அது தெரிந்தும் அவன் ஒவ்வொரு தடவையும் 112 என்பான்.

"லூசு, செத்துடுவடா."

"தட்டுறாங்கல்லண்ணே? திறக்காம எப்படிப் போறது?"

கடைசி வரை அவன் அந்தப் புத்தகத்தை முடிக்கவேயில்லை. நான் முடித்தேன்.

வளர்ந்தபின் இருவரும் ஒரே ஐஸ்கிரீம் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் குளிர் இயந்திர மெக்கானிக், அவன் சரக்குப் பொறுப்பு. அவனுக்குக் கல்யாணமாயிற்று, எனக்கு ஆகவில்லை. கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நான், சாப்பாடு கீழே. அவன் மனைவி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிள்ளை பெரியப்பா பெரியப்பா என்று காலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு வேறென்ன வேண்டும்.

வேறு ஊரில் வேலை கிடைத்ததை அவன் என்னிடம்தான் கடைசியாகச் சொன்னான். நான் வருத்தப்படுவேன் என்று பயந்தானாம். மூட்டை கட்டும்போது பரணில் அந்தப் புத்தகம் கிடைத்திருக்கிறது. சாயங்காலம் ரயில். அன்று காலை கிடங்குக்கு வரும் வழியில் ஒரு பகடையை என் கையில் வைத்தான்.

"புத்தகம் பாப்பாவுக்கு. பகடை ஆளுக்கு ஒண்ணுண்ணே."

"ஒண்ண வச்சு என்னடா ஆடுறது?"

"லீவுக்கு வருவோம்ல. அப்ப சேர்த்து ஆடலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு அந்தச் சிரிப்புதான் பொறுக்கவில்லை.

மத்தியானம் சரக்கைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க அவன் ஃப்ரீசர் அறைக்குள் போனான். குளிர் தாங்கும் கனத்த கோட்டைக் காலையிலேயே ஒப்படைத்துவிட்டான், மேலே வெறும் சட்டைதான். உள்ளிருந்து கதவைத் திறக்கும் குமிழ் உடைந்திருந்தது. மாற்றுக் குமிழ் வந்து என் இழுப்பறையில் கிடந்தது, மாட்ட நேரமில்லை என்று சொல்லியிருந்தேன். அதனால் அவன் கதவிடுக்கில் ஒரு காலிப் பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தான். எதிலும் கவனமான பையன். அந்தப் பெட்டியை எடுத்தது நான். ரயிலைத் தவறவிட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். பழைய பக்கத்தில் விரல் வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்பதுதான் என் எண்ணம்.

தட்டினான். "அண்ணே, கதவு சாத்திக்கிச்சு." இயந்திரத்தின் பக்கத்தில் எப்போதும் இருப்பவன் நான் என்று அவனுக்குத் தெரியும். மற்றவர்கள் மறுபக்கம் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், இரைச்சலில் அங்கே எதுவும் கேட்காது. கொஞ்சம் கழித்து, "விளையாடாதண்ணே, கை மரத்துப்போகுது."

அப்போதாவது திறந்திருக்கலாமே என்கிறீர்கள். திறந்தால் என் முகத்தைப் பார்ப்பான். பார்த்ததும் தெரிந்துகொள்வான். அப்புறம் லீவுக்குக்கூட வரமாட்டான். அதனால் முடிவை நான் எடுக்கவில்லை. சட்டைப் பையில் பகடை இருந்தது. நாலோ அதற்கு மேலோ விழுந்தால் திறப்பது, இல்லாவிட்டால் இல்லை. ஒன்று விழுந்தது. பகடை சொன்னதைத்தான் செய்தேன்.

அவனைத் தனியாக விட்டுவிடவில்லை, ஐயா. தட்டுவது நிற்கும்வரை கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்கும் முதுகெல்லாம் சில்லிட்டுப்போயிற்று.

எல்லோரும் விபத்து என்றார்கள். தம்பி மனைவி எங்கும் போகவில்லை, பிள்ளையும் கீழ்வீட்டில்தான் இருக்கிறது. நேற்று அது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தது. "நீங்க படிங்க பெரியப்பா, நான் வழி சொல்றேன்" என்றது. படித்தேன். அந்தக் கதவு வந்தது. யோசிக்காமல் 112 என்றது. உள்ளே பூதம் இருந்தாலும் இருக்கும் என்று சொல்லிப்பார்த்தேன்.

"யாரோ தட்டுறாங்கல்ல பெரியப்பா?"

அதன் பிறகுதான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

கையெழுத்துப் போடுமுன் ஓர் இடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தது என்றேன், அது பொய்யில்லை. முதலில் விழுந்தது ஆறு. சரியாக உருளவில்லை என்று மறுபடி போட்டேன். அடுத்தது ஐந்து. ஒன்று விழும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன், ஐயா. அதுவரை அவனும் தட்டிக்கொண்டேதான் இருந்தான்.