பேராசிரியரின் பதினோரு நிமிடம்

— எழுதிக்கோங்க, டோலோரஸ். "இன்று மனித மனம் மயக்கத்தை வென்றது. மருந்து கட்டளையிட்டது, மனம் மறுத்தது."

— மெதுவா, ராஜா. முதல்ல வாயைத் துடைச்சுக்கோங்க. எச்சில் காலர் வரைக்கும் வந்திருக்கு.

— நான் ராஜா இல்ல. பேராசிரியர் ஆல்டர்டைஸ்.

— இந்தக் கட்டில்லேர்ந்து எழுந்திரிக்கிற எல்லாருமே எனக்கு ராஜாதான். இருபத்திரண்டு வருஷமா மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸ், பழக்கம் விடுமா? போன வாரம் ஒரு லாரி டிரைவர் கண்ணைத் திறந்ததும் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னார்.

— எழுதினீங்களா?

— இல்ல. கையெழுத்தும் போட மாட்டேன். சாட்சின்னு என் பேரை வச்சு நாலு மணிக்கு, கீழ மாநாட்டு மேடையில படிப்பீங்க. முடியாது.

— கேளுங்க. ஈதர்ங்கற மயக்க மருந்தை உலகத்துக்கு மேடை போட்டுக் காட்டின ஊரு இந்த பாஸ்டன். அதே ஊர்ல, மயங்கின நான் என் சொந்த உத்தரவுல எழுந்திருக்கேன்! மத்தவங்க நாப்பது நிமிஷம் கிடப்பாங்க. நான் பதினொண்ணு. நெத்திப் பக்கத்து மூளைதான் முதலாளி. அது "எழு"ன்னா உடம்பு எழும்.

— முதலாளியாம்! அட போங்க. மூளைக்கு நடுவுல இருக்கற தலாமஸுக்கும் மேல்பகுதிக்கும் சேதி சுத்திச் சுத்திப் போய்ட்டு வரும். மருந்து இறங்கினா அந்தச் சுத்துல ஒரே தாளம்தான் அடிக்கும். அப்புறம் முதலாளி கத்தினாலும் யாருக்குக் கேக்கும்? மருந்து வடியணும், மூளைத்தண்டு முழிக்கணும். முதல்ல மூச்சு, அப்புறம் எச்சில் முழுங்கறது. பேரு, தேதி, பேராசிரியர் பதவி எல்லாம் அதுக்கப்புறம்தான்.

— ஒரு நர்ஸ் எனக்குப் பாடம் எடுக்கறாங்க!

— பாடம் இல்ல. தினம் பாக்கறதைச் சொல்றேன்.

— அப்ப இந்த மூளை அலை வரைபடத்தைப் பாருங்க. தலையில ஒட்டின அறுபத்துநாலு கம்பியும் பொய் சொல்லுமா? இங்க, இதோ இங்க, குட்டிக் குட்டியா ஒரு துடிப்பு. மருந்துல இப்படி வரவே வராது. என் மனசு போராடின இடம் அது.

— மருந்துல வராதுங்கறது சரி.

— பாத்தீங்களா! நீங்களே ஒத்துக்கறீங்க.

— அது வரைக்கும்தான் ஒத்துக்கறேன்.

— உங்க வேலை ஒப்பந்தம் அடுத்த மாசம் என் மேசைக்கு வருது. ஞாபகம் இருக்கட்டும்.

— வரட்டும். கிழிச்சுப் போடுங்க. "மனசு திடமானவங்களுக்குப் பாதி மருந்து போதும்"னு சொல்லப் போறீங்கதானே?

— இந்தக் கண்டுபிடிப்போட பயனே அதுதான்.

— எனக்கு ஒரு பொம்பளை ஞாபகத்துக்கு வராங்க. ஆபரேஷன்ல மருந்து குறைஞ்சு போச்சு. வயித்துல கத்தி, உள்ளுக்குள்ள முழிப்பு, விரலைக்கூட அசைக்க முடியல. கண்ணோரமா தண்ணி மட்டும் வழிஞ்சுது. நான்தான் பாத்தேன். உங்க பாதிக் கணக்கு இன்னும் எத்தனை பேரை அப்படிக் கிடத்தும்? நாலு மணிக்கு நானும் வரேன். முன்வரிசையில உக்காந்து கையைத் தூக்குவேன்.

— மிரட்டறீங்களா?

— ஆமா.

— என்னன்னு சொல்லுவீங்க? முன்னூறு பேர், அத்தனை பேரும் மூளை ஆராய்ச்சியில தலை நரைச்சவங்க. அவங்க முன்னாடி எந்திரிச்சு நிக்க உங்ககிட்ட என்ன இருக்கு? ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்க பாப்போம்!

— இங்கயே சொல்லவா, அங்க வந்து சொல்லவா?

— இங்கயே!

— போட்டோ எடுக்கறாங்கன்னு மருந்துக் குழாயை நானேதான் திறப்பேன்னு அடம் பிடிச்சீங்க. தப்புப் பக்கம் திருகிட்டீங்க. நான் கவனிக்கறதுக்குள்ள குறட்டை வந்துடுச்சு. வரைபடத்துல இருக்கற குட்டித் துடிப்பு எல்லாருக்கும் சாதாரணத் தூக்கத்துல வர்றதுதான். ஊசியில அம்பது மில்லி மருந்தும் அப்படியே இருக்கு.