ஊறாத பலகைக்கு ஒப்பமிட்டவருக்கு

முறிவின் முகம் பார்த்தே முப்பத்தொரு ஆண்டுகள் முடித்த மூத்தவரே! கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கையும் பிசின் ஏற்றிய மரத்தையும் இழுத்தும் வளைத்தும் உடைத்துமே சம்பளம் வாங்கிய எங்கள் சோதனைக்கூடத் தலைவரே! வணக்கம்.

தேநீர்க் கோப்பையைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டே வாயருகே கொண்டுபோகும் உங்கள் சந்தேகப் புத்தியை நாங்கள் கேலி செய்யாத நாளில்லை. "காஞ்ச மரம் எல்லாமே வீரன்தான்யா. ஒரு நாள் தண்ணியில போட்டு எடு, அப்புறம் தெரியும் அவன் பவுசு" என்று நீங்கள் சொல்லாத நாளும் இல்லை. பிசின் மரத்தை ஒரு முழுநாள் ஊறவைத்த பிறகே வளைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நீங்கள் எங்களுக்குச் சொன்ன முதல் விதி.

அதை மீறியவர்கள் நாங்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், துணைவியாரின் அறுவை சிகிச்சைக்காக நீங்கள் விடுப்பில் இருந்தபோது, அவசரம் என்று வந்த கட்டடச் சாரப்பலகையின் துண்டுகளை உலர்ந்தபடியே உடைத்தோம். அறிக்கையில் 'ஊறவைத்தது' என்று கூசாமல் எழுதினோம். மருத்துவமனையிலிருந்து நேரே வந்த நீங்கள், எங்களை நம்பி ஒப்பமிட்டீர்கள். முதல் மழையிலேயே பலகை முறிந்தது. அதன்மேல் நின்ற கொத்தனார் இன்றுவரை எழுந்து நடக்கவில்லை.

விசாரணையில் நாங்கள் மூவரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நின்றோம். நீங்களோ, "கையெழுத்து என்னோடது. அவங்கள விட்டுருங்க" என்றீர்கள். பதவி உயர்வு போனது. கட்டிக்காத்த நற்பெயரும் போனது. அதன்பின்னும் தினமும் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தோம். வெட்கமாக இருக்கிறது, ஐயா!

பணி ஓய்வுப் பாராட்டு மடலில் யாராவது குற்றத்தை எழுதுவார்களா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேறு எதைச் சொல்லி உங்களைப் பாராட்டுவது? இதுவரை எழுதியதன் ஒரு படி, எங்கள் ஒப்பங்களோடு, இன்று காலை விசாரணை அலுவலகத்தில் சேர்ந்துவிட்டது. இன்னொன்றைக் கொத்தனாரின் கட்டிலருகே நின்று நாங்களே படித்துக் காட்டினோம். எங்களை அவர் திட்டவில்லை; திட்டியிருக்கலாம். "அவரு மாசாமாசம் வந்து பாக்கும்போதெல்லாம் நான் செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

நோய்நொடியின்றி நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும், ஐயா! இந்த மாதமும் அவரைப் போய்ப் பாருங்கள். வாசல் பக்கமாகக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார்.

இங்ஙனம்,
விசாரணைக்குக் காத்திருக்கும்
உங்கள் சோதனைக்கூடப் பணியாளர் மூவர்