யாளித்தூணில் யாரும் இல்லை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று என் வலது கண்ணின் மேல் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். இடது கண்ணில் புரை. அதன் மேல் செய்தால் செல்லாது என்று சொல்பவர்கள் உண்டு. சத்தியம் எதற்கென்றால், சின்ன காஞ்சிபுரத்தில் முரளீதரன் சொன்னான் என்றால் பாதியை அங்கேயே தள்ளிவிட்டு மீதியை மறுநாள் விசாரிப்பார்கள். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸுக்குள் ஏறிய மீன்களுக்குக் கண்டக்டர் டிக்கெட் கிழித்ததைப் பார்த்தேன் என்று சொல்லி, அதைப் பதினைந்து வருஷம் மாறாமல் காப்பாற்றியவன் நான். மற்றபடி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காபியில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை.

இரண்டாயிரத்து நான்கில் அமெரிக்காவிலிருந்து என் மகன் ஸ்ரீகர் ஒரு டிஜிட்டல் கேமராவும், அதன் முன்னால் திருகி மாட்டும் மீன்கண் லென்ஸும் அனுப்பினான். தேங்காய் மூடி போல முன்னால் புடைத்த கண்ணாடி. தனக்கு முன்னால் இருக்கிற பாதி உலகத்தை, தரை முதல் கூரை வரை, ஒரே வட்டத்துக்குள் விழுங்கிவிடும். நான்கு பக்கம் திருப்பி நான்கு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றோடு ஒன்றை ஒட்டினால் ஓர் உருண்டை கிடைக்கும். பார்ப்பவர் அந்த உருண்டைக்கு நடுவில் நிற்பார். மவுஸை இழுத்தால் சுற்றிலும் தெரியும், தலைக்கு மேலும் தெரியும், காலடியும் தெரியும். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்னப் பெருமாள் கோயில் மண்டபத்தை அப்படி எடுத்து இன்டர்நெட்டில் போடலாம் என்று நிர்வாகிகளிடம் நானே போய்ச் சொன்னேன்.

ஒரு சங்கடம். கேமராவை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் திருப்பி நிறுத்துவதற்குள் ஒரு நிமிஷம் ஆகிவிடும். உலகம் அதுவரை காத்திருப்பதில்லை. முதல் நாள் எடுத்ததில் அர்ச்சகர் ஒரே சொம்போடு நான்கு இடத்தில் நின்றார். மற்ற மூவரும் அவருடைய தம்பிகள் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிச் சமாளித்தேன். இரண்டாம் நாள் ஒரு நாய்க்கு இரண்டு தலை வந்து வால் போய்விட்டது. அந்த நாய் சாகும்வரை என்னைக் கண்டால் நின்று பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்ளும்.

படத்தின் நடு துல்லியமாக இருக்கும். ஓரம் போகப்போக உருவம் இழுபடும். பக்கத்துப் படங்களின் ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்தில்தான் ஒட்டு விழும். நேர்கோடாக ஒட்டினால் கண் கண்டுபிடித்துவிடும். இதற்கு வழி சொன்னது பின்தெருவில் தறி போட்டிருக்கும் குமாரவேல். பட்டுச்சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம்; இரண்டும் சேரும் கோர்வையில் பல் பல்லாக ஒன்றுக்குள் ஒன்று கடிக்க விட்டால் எங்கே சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது என்றார். நானும் அப்படியே ஒட்டை யாளியின் பல்லோரம், தூணின் மடிப்போரம் என்று வளைத்து வளைத்துக் கொண்டுபோனேன். நன்றாக வந்தது.

சம்பவம் மூன்றாம் நாள். காலை ஏழு பத்து. லென்ஸின் பார்வையில் நான் விழக்கூடாது என்பதால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் குந்தியபடியே அது நின்ற முக்காலி ஸ்டாண்டைச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தேன். தென்னேரியிலிருந்து தினமும் கோயிலுக்கு வாழை இலை கொண்டுவரும் இளவரசன் இலைக்கட்டை இறக்கிவிட்டு யாளித்தூணில் சாய்ந்து வேடிக்கை பார்த்தான்.

“இன்னா சாமி, செக்கு மாடு மாதிரி சுத்திக்கினு இருக்கிறீங்க? எண்ணெ எவ்ளோ இறங்கிச்சு?” என்றான்.

கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அர்ச்சகரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊரையே கேலி செய்து வாழ்ந்தவன் ஒரு கேலிக்குக் கோபித்துக்கொள்வேனா.

அதே நேரத்தில் தென்னேரி ஏரிக்கரையில், மதகுப் பக்கம், இளவரசனின் பங்காளி கலியாணசுந்தரத்தை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் விடுவதில் இரண்டு பேருக்கும் முந்தின வாரம் வாய்ச்சண்டை. அதிலிருந்து ஐந்தாம் நாள் போலீஸ் இளவரசனைப் பிடித்துவிட்டது. அந்த நேரம் தான் காஞ்சிபுரத்தில் கோயிலில் இருந்ததாகவும், வாத்தியார் படம் எடுத்துக்கொண்டிருந்ததாகவும் அவன் சொல்லியிருக்கிறான். அர்ச்சகரைக் கேட்டதற்கு, தினமும் வருகிறவன், எந்த நாள் எத்தனை மணிக்கு வந்தான் என்று எப்படிச் சொல்வது என்றார். கோலம் போட்டவர்களும் அதையே சொன்னார்கள். தினமும் வருகிறவனை யாரும் பார்ப்பதில்லை.

இதற்குள் நான் ஒட்டி முடித்திருந்தேன். இளவரசன் சரியாக ஒட்டில் அகப்பட்டுக்கொண்டான். ஒரு படத்தின் ஓரத்தில் பாதி ஆள். அடுத்த படத்தின் ஓரத்தில் வெறும் தூண். பாதி ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெறும் தூணை இழுத்து அவன் மேல் போர்த்தினேன். நிறம் சேர மூன்று நாள் ஆயிற்று. இலைக்கட்டை மட்டும் விட்டுவிட்டேன். கல் தரையில் அந்தப் பச்சை அழகாக இருந்தது. படத்தின் கீழே ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்து உருண்டையைச் சுற்றிப் பார்த்தார். தனித்தனிப் படங்கள் எங்கே என்றார். கேமராவின் மெமரி கார்டில் இடம் போதவில்லை, அழித்துவிட்டேன் என்றேன். ஆளை நினைவிருக்கிறதா என்றார். படத்தில் இல்லாதவனை நான் பார்த்ததாகச் சொல்வது முறையில்லை என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்னதை ஒருவர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அவர் போனதும் என் மனைவி ரமாமணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“ஏன்னா, செக்கு மாடுன்னு ஒருத்தன் சொன்னான்னு அன்னைக்குச் சாப்பிடாம உக்காந்திருந்தேளே, அந்தப் பிள்ளைதானே இவன்?”

அது வேறு நாள், வேறு ஆள் என்றேன். அன்றைக்கு எனக்குப் பசியில்லை, அவ்வளவுதான். அவள் உள்ளே போனாள். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் அவள் வருவதில்லை.

கிருஷ்ணவேணி வந்தது மறு வாரம். இளவரசனின் மனைவி. மவுஸைப் பிடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மணி நேரம் அந்த மண்டபத்தைச் சுற்றினாள். கூரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், ஒவ்வொரு தூணுக்கும் பின்னால் எட்டிப் பார்க்கிறவள் போலத் தலையைச் சாய்த்தாள். பிறகு கையை எடுத்தாள்.

“இலைக்கட்டு இருக்குதே சாமி.”

“இலை தினமும் வருமேம்மா,” என்றேன்.

ரமாமணி அவளுக்குக் காபி கொடுத்தாள். இளவரசனுக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. கிருஷ்ணவேணி வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து, திரையில் மண்டபத்தைச் சுற்றிவிட்டுப் போவாள். நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இதை என் பக்கம் சொல்லவேண்டிய ஒன்றாகவே நினைக்கிறேன்.

போன வருஷம் இளவரசன் ஜெயிலில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். கருமாதி முடிந்த மறு ஞாயிறும் அவள் வந்தாள். இனி எதைத் தேட வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. மவுஸை இழுத்து நேரே யாளித்தூணில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இத்தக் கொஞ்சம் பெருசா காட்டுங்க சாமி. இங்கதான் சாஞ்சிக்கினு இருந்தேன்னு சொல்லிச்சு. கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிச்சு.”

பெரிதாகக் காட்டினேன். அவள் திரையில் தூணின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போர்த்திய வேலை நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் ஒட்டு தெரியவில்லை.

அந்த நான்கு படங்களையும் நான் அழிக்கவில்லை. ஒரு சிடியில் போட்டு, பீரோவில் ரமாமணியின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தேதியும் நேரமும் அதில் பதிந்திருக்கின்றன. எடுத்துக் கொடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே இளவரசன் விடுதலையாகி வீட்டுக்கு வந்திருப்பான். கொடுத்தால் ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதியது பொய்யாகிவிடும். இதுவும் முரளி விட்ட கதைதான் என்று ஊர் சொல்லும். அதற்காகத்தான் கொடுக்கவில்லை. வேறு காரணம் இல்லை. அவன் மேல் எனக்குத் துளி வன்மம் கிடையாது. ஒட்டில் வந்து நின்றான், ஒட்டு விழுங்கிவிட்டது. இந்த வேலையில் அது நடப்பதுதான். என் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

நேற்று சிடியை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது படத்தின் நட்டநடுவில், எந்த ஒட்டும் வந்து தொடாத இடத்தில், இளவரசன் முழு ஆளாக நிற்கிறான்.