கட்டெறும்புக்குப் பூட்டு

இருக்கு தம்பி, சின்னப் பூட்டு இருக்கு. எதுக்குன்னு நீங்க சொன்னப்புறம்தான் எடுக்கக் கை போகமாட்டேங்குது. உங்க அம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு இனிப்பு சாப்பிடறாங்க, அதுக்கு அலமாரியைப் பூட்டணும். அவ்வளவுதானே? நாங்களும் பூட்டினோம். அந்தக் கதையைச் சொல்றேன், ஆனா அப்படியே நம்பிடாதீங்க. பாதி நான் பார்த்தது, பாதி என் வீட்டுக்காரி சொன்னது. அவ சொன்ன பாதியை ஒன்பது வருஷமா நானே நம்பல.

உக்காருங்க. அந்தப் பெயிண்ட் டப்பா மேலயே உக்காரலாம், மூடி கெட்டி.

எங்க அப்பாவுக்கு சுகர் நானூறு. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, இப்படியே போனா காலை எடுக்க வேண்டியிருக்கும்னார். நான் ஒரே பிள்ளை. கடைக்கு மேலேயே வீடு, பதினெட்டுப் படி. கண்கொத்திப் பாம்பா நின்னேன். சோத்தைக்கூட நிறுத்துதான் போடுவேன். எதுலயா? இதோ, ஆணி நிறுக்கிற இந்தத் தராசுலதான். நூத்தம்பது கிராம். நாலு பருக்கை கூடினாலும் திருப்பி எடுத்துடுவேன். இதே கடையில முப்பது வருஷம், கேட்டவங்களுக்கெல்லாம் பத்து ஆணி கூடவே போட்டுக் குடுத்த மனுஷன். என் கையையே பார்த்துட்டிருப்பார்.

அப்பவும் திருடுவார். பிஸ்கட்டைத் தலையணை உறைக்குள்ள வெச்சிருந்தார். எறும்பு வந்து காட்டிக் குடுத்துடுச்சு. அன்னிலேர்ந்து அவருக்குக் கட்டெறும்புன்னு பேரு. நான்தான் வெச்சேன். என் பொண்ணு அப்படியே கூப்பிட ஆரம்பிச்சா. அவரும் சிரிச்சுக்கிட்டே வருவார். பல் தெரியும், கண்ணு சிரிக்காது. அப்ப நான் அதையெல்லாம் எங்க பார்த்தேன்?

சண்டையா? அவரா? சேச்சே. ஒரு தடவை நிஜமாவே சுகர் இறங்கி, வேர்த்து, கைகால் நடுங்கிச்சு. சர்க்கரைத் தண்ணி குடுத்தோம், அஞ்சு நிமிஷத்துல சரியாயிட்டார். அதை நல்லாப் பிடிச்சுக்கிட்டார் மனுஷன். அடுத்த வாரம் குழாயில நெத்தியை நனைச்சுக்கிட்டு வந்து, கையை வெடவெடன்னு ஆட்டிக்கிட்டு நிக்கிறார். என் வீட்டுக்காரி பதறிப்போய் ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கிக் குடுத்துட்டா. நான் ஓடிவந்து விரல்ல குத்திப் பார்க்கிறேன், இருநூத்தி அறுபது!

அடிக்கல தம்பி. அடிச்சிருக்கலாம். சொந்தக்காரங்க வந்தா, அப்பா, அன்னிக்கு எப்படி நடுங்கினீங்க, ஒரு தடவை நடிச்சுக் காட்டுங்கன்னு சொல்வேன். மனுஷன் எந்திரிச்சு நின்னு நடிச்சுக் காட்டுவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நடிச்சு முடிச்சா ஒரு சர்க்கரை இல்லாத பிஸ்கட்.

ஆமா. நான்தான். வேற யாரு?

அப்பதான் சர்க்கரை வெச்ச அலமாரிக்குப் பூட்டு. நல்ல இரும்புக் கொண்டி, நாலு ஸ்குரூ, நானே முடுக்கினேன். இவகிட்ட கறாரா சொல்லிட்டேன், மாமா நடுங்கினா நடுங்கட்டும், விரல்ல குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்பை வீண் பண்ணாதே, தானா நிறுத்திடுவார்னு. புலி வருது கதைதான். சாவி என் அரைஞாண்ல.

கடைசி நாளு. காலையில பார்த்தா முந்நூத்தி இருபது. எனக்கு வந்த கோவம்! மத்தியானம் இன்சுலின் ஊசியை முழுசா போடு, சோத்தைப் பாதியாக் குறைன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன். ஊசியும் இறக்கும், பட்டினியும் இறக்கும், ரெண்டு பக்கமும் சேர்ந்து பிடிச்சா சட்டுனு வழிக்கு வந்துடும்னு கணக்கு. பெரிய டாக்டர் பாருங்க நான்.

மூணு மணிக்கு இவ வந்து கூப்பிட்டா. போனா, ஆள் இல்லை. என்ன ஆச்சுன்னேன். சாப்பிட்டார், படுத்தார், தூங்கற மாதிரியே போயிட்டார், எதுவும் கேக்கலைங்கன்னா. தெரு டாக்டர் வந்து இதயம்னு எழுதிக் குடுத்தார். எல்லாரும் நல்ல சாவுன்னாங்க. நானும் சொன்னேன்.

ஆனா சட்டையைக் கழட்டறப்போ பார்த்தேன், பிழிஞ்சா தண்ணி வரும், அப்படி நனைஞ்சிருந்தது. அலமாரியில ரெண்டு ஸ்குரூ வெளிய வந்து தொங்குது. கொண்டி வளைஞ்சிருந்தது. நான் போட்ட ஸ்குரூ தம்பி, லேசுல வராது.

என்ன பண்ணேனா? வந்தவங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி ஸ்குரூடிரைவர் எடுத்துட்டு வந்து, திரும்ப முடுக்கிட்டேன். அப்பா கூடத்துல கிடக்கிறார், நான் சமையலறையில ஸ்குரூ முடுக்கறேன். இவ வாசப்படியில நின்னு பார்த்தா. நானும் கேக்கல, அவளும் சொல்லல. ஒன்பது வருஷம் ஒரே தட்டுல சாப்பிட்ட மாதிரிதான் இருந்தோம்.

போன மாசம் இவளுக்கும் சுகர்னு வந்திருக்கு. ஆஸ்பத்திரியில நர்ஸம்மா உக்கார வெச்சு சொல்றாங்க, ஊசி போட்டுட்டு சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து, நடுங்கினா யோசிக்காம சர்க்கரையைக் குடுங்கன்னு. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துட்டிருந்தேன்.

இல்லை தம்பி, அவர் கேட்டாரா கேக்கலையான்னு இவகிட்ட நான் கேக்கல. கேக்கணும்னு அவசியமே இல்லை. அப்பா போன அன்னிக்கு மத்தியானம் ஒரு பெயிண்டர், நீங்க உக்காந்திருக்கிற இடத்துல நின்னு பிரஷ் பார்த்துட்டிருந்தார். மேல தடதடன்னு அலமாரிக் கதவு ஆடுது. என்னங்க சத்தம்னு கேட்டார். ஒண்ணுமில்லை, கட்டெறும்பு பசியில இருக்குன்னு சொன்னேன். அவருக்குப் புரியல. எனக்கு மட்டும் சிரிப்பு தாங்கல. சத்தம் நிக்கிற வரைக்கும் சிரிச்சேன்.

அதான், ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற வழியில, ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டு, இவகிட்ட அதை மட்டும் கேட்டேன். அந்த நேரம் மேல, அவர் முன்னாடி நின்னு, நீயும் சிரிச்சியா?